உம்மு ஸலமா நாயகி என்றால் அந்த ஒரு துஆ மட்டும்தானா?

ஷஃபான் பிறை 8

ஒரு வாசகர் கேட்டது: "கதீஜா நாயகி, ஆயிஷா நாயகி, ஃபாத்திமா நாயகி பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கு. உம்மு ஸலமா நாயகி பற்றி பயான்ல கேட்டதெல்லாம் ஒண்ணுதான். புருஷன் மவுத்தானார், பொறுமையா துஆ ஓதினாங்க, அவரைவிடச் சிறந்தவர் கிடைச்சார். இதைத் தாண்டி அவங்க வாழ்க்கையில் பெருசா எதுவும் இல்லைன்னு நினைக்கிறேன். மகள் மதரஸா விழாவில் பேசணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க."

இல்லையாமே! ஹதீஸ் நூல்களில் 378 அறிவிப்புகள் அவர் பெயரில் இருக்கின்றன. நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஆயிஷா நாயகிக்கு அடுத்து அதிகம் அறிவித்தவர் இவர்தான். ஒவ்வொரு பெயருக்கும் (ரலி) போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யக் கை வலிக்கிறது.

இயற்பெயர் ஹிந்த். தகப்பனார் அபூ உமையா, குறைஷியரில் மக்ஸூம் குலம். கூட வருகிற பயணிகள் யாரும் கட்டுச்சோறு கொண்டுவரத் தேவையில்லை, அத்தனை பேர் செலவும் அவர் பொறுப்பு. அப்படிப்பட்ட கொடையாளி. அபூஜஹ்லும் காலித் பின் வலீதும் இந்த அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள், மூன்று பேருக்கும் பாட்டனார் ஒருவரே. இஸ்லாத்தை மூர்க்கமாக எதிர்த்த வீட்டிலிருந்து ஆரம்ப காலத்திலேயே வெளியே வந்தவர் என்று மட்டும் இன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாளை.

ஷஃபான் பிறை 9, இஷாவுக்குப் பிறகு

மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக ஊர் விட்டுப் போவது) போன கதை. இதை அவரே சொல்லி, நபியவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். நான் சுருக்கினாலும் அவர் சொன்ன வரிசையை மாற்றவில்லை.

கணவர் அபூ ஸலமா ஒட்டகத்துக்குச் சேணம் கட்டி, மனைவியை ஏற்றி, மகன் ஸலமாவை அவர் மடியில் வைத்து, கயிற்றைப் பிடித்து நடக்கத் தொடங்குகிறார். பெண் வீட்டார் ஓடி வந்து மறிக்கிறார்கள். "நீ எங்கே வேண்டுமானாலும் போ. எங்கள் வீட்டுப் பெண்ணை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போக விடமாட்டோம்." கயிறு பிடுங்கப்படுகிறது. இதைக் கேள்விப்பட்டு கணவர் வீட்டாருக்கு ரோசம் வந்துவிடுகிறது. "எங்கள் பையனிடமிருந்து அவளைப் பிரித்தீர்களா, அப்படியானால் எங்கள் பிள்ளை அவளிடம் இருக்கக் கூடாது." ஆளுக்கொரு பக்கம் குழந்தையை இழுத்ததில் கை மூட்டு பிசகிவிடுகிறது. பிள்ளை கணவர் வீட்டாரிடம், மனைவி பிறந்த வீட்டாரிடம், கணவர் மதீனாவை நோக்கி. மூன்று பேரும் மூன்று திசை.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் மக்காவின் அப்தஹ் வெளிக்குப் போய் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதிருக்கிறார். ஒரு வருடம், அல்லது கிட்டத்தட்ட ஒரு வருடம் என்று அவரே சொல்கிறார். பயானில் இந்த ஒரு வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அழுதது பொறுமைக்கு இழுக்கு என்று நினைப்பார்கள் போல. அவர் மறைக்கவில்லை, நாம் எதற்கு மறைக்க வேண்டும்?

உறவினர் ஒருவர் மனம் இரங்கிப் பேசியதில் பிறந்த வீட்டார் விட்டார்கள். கணவர் வீட்டாரும் பிள்ளையைக் கொடுத்தார்கள். துணைக்கு யாரும் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஒட்டகத்தில் ஏறி, பிள்ளையை மடியில் வைத்துத் தனியாகக் கிளம்பிவிட்டார். மதீனா அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல்.

ஷஃபான் பிறை 9, இன்னும் கொஞ்சம்

தன்ஈமில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

உம்ரா போனவர்களுக்கு இந்த இடம் தெரியும். இரண்டாவது உம்ராவுக்கு இஹ்ராம் கட்ட (உம்ராவுக்கான கட்டுப்பாட்டு நிலைக்குள் நுழைய) டாக்ஸியில் போவோமே, ஆயிஷா பள்ளி, அதுதான் தன்ஈம். ஹரமிலிருந்து கொஞ்ச தூரம்தான். நான் போனபோது ஒளூச் செய்யும் இடத்தில் அவ்வளவு கூட்டம், செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறினேன். எங்கள் குழுவில் யாருக்கும் உம்மு ஸலமா நாயகி நினைவுக்கு வரவில்லை, எனக்கும்தான். ஊர் திரும்பி இதைப் படிக்கும்போதுதான் "அட, அந்த இடமா" என்று இருந்தது.

அங்கே எதிரே வந்தவர் உஸ்மான் பின் தல்ஹா. கஅபாவின் சாவி வைத்திருந்த குடும்பம். அன்றைக்கு அவர் முஸ்லிம் இல்லை.

"அபூ உமையாவின் மகளே, எங்கே போகிறாய்?"

"மதீனாவில் இருக்கும் என் கணவரிடம்."

"கூட யாரும் இல்லையா?"

"அல்லாஹ்வும் இந்தப் பிள்ளையும்தான்."

"உன்னை இப்படியே விட முடியாது" என்று கயிற்றைப் பிடித்தவர் மதீனாவின் ஓரத்திலுள்ள குபா வரை நடந்தே வந்தார். தங்க வேண்டிய இடம் வந்தால் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டு விலகிப் போய்விடுவாராம். அந்த அம்மா இறங்கிய பிறகு வந்து ஒட்டகத்தை மரத்தில் கட்டிவிட்டு, வேறொரு மரத்தடியில் போய்ப் படுப்பார். கிளம்பும் நேரத்தில் சேணம் கட்டி நிறுத்திவிட்டு மறுபடி விலகல். குபா வந்ததும் "உன் கணவர் இந்த ஊரில்தான் இருக்கிறார், போ" என்று சொல்லிவிட்டு வந்த வழியே மக்காவுக்குத் திரும்பிவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாகக்கூடச் செய்தி இல்லை.

"அவரைவிடக் கண்ணியமான வழித்துணையை நான் கண்டதில்லை" என்பது உம்மு ஸலமா நாயகி கொடுத்த சான்று. பின்னால் உஹத் போரில் அந்த உஸ்மானின் தகப்பனாரும் சகோதரர்களும் மக்கா படையின் கொடியைப் பிடித்து மாண்டார்கள். உம்மு ஸலமா நாயகியின் கணவரும் அதே போரில் பட்ட காயத்தால்தான் இறந்தார். அதற்கெல்லாம் பிறகும் இந்தச் சான்றை அவர் கொஞ்சமும் குறைத்துச் சொல்லவில்லை.

ஷஃபான் பிறை 12

"கை ஒடிஞ்சதுன்னு கேட்டிருக்கேனே" என்று ஒருவர். ஒடியவில்லை, மூட்டு விலகியது. அந்தப் பிள்ளை வளர்ந்து, ஹம்ஸா நாயகத்தின் மகளை நபியவர்களே அவருக்கு மணமுடித்து வைத்தார்கள்.

"பெண் தனியாகப் பயணம் போகலாமா?" என்று இன்னொருவர் ஆரம்பித்திருக்கிறார். தம்பி, அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். மஹ்ரம் (பெண்ணுக்குத் துணை போகும் நெருங்கிய ஆண் உறவினர்) சட்டம் பேசுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை எப்படி விளக்குகிறார்கள் என்று உங்கள் ஊர் ஹஜ்ரத்திடமே கேட்கலாம்.

ஷஃபான் பிறை 15

இன்றைக்கு ராத்திரி மூன்று யாஸீன் ஓதும் வீடும் உண்டு, ஓதாத வீடும் உண்டு. அதையும் இங்கே இழுக்காதீர்கள். எனக்கு அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா பக்கம்) பற்றி எழுத வேண்டும்.

மதீனாவுக்கு முன்னாலேயே இந்தத் தம்பதி ஒரு முறை நாடு விட்டுப் போனவர்கள். 615-இல் தொடங்கிய அபிசீனியா ஹிஜ்ரத். நஜ்ஜாஷி மன்னரின் அவை, அகதிகள் சார்பில் பேசிய ஜஅஃபர் நாயகம் மர்யம் அத்தியாயம் ஓதியது, மன்னர் தாடி நனைய அழுதது எல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அதை நமக்குச் சொன்னது யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உம்மு ஸலமா நாயகிதான்.

அவர் சொல்கிற விதத்தைப் பாருங்கள். இந்த அகதிகளைத் திருப்பிக் கொண்டுவரக் குறைஷியர் அனுப்பிய இருவர் அம்ர் பின் ஆஸும், அப்துல்லாஹ் பின் அபீ ரபீஆவும். பின்னவர் இவருடைய குலத்துக்காரர். அபிசீனியர்களுக்குப் பிடித்த மக்கா சரக்கு பதனிட்ட தோல், அதைத்தான் அன்பளிப்பாக மூட்டை கட்டி வந்தார்கள். மன்னரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாதிரிக்கும் தனித்தனியாகக் கொடுத்து, "இவர்களை விசாரிக்காமலே ஒப்படைக்கச் சொல்லுங்கள்" என்று பேசி வைத்தார்கள். முதல் நாள் பலிக்கவில்லை. "நாளைக்கு இவர்களை வேரோடு பிடுங்குகிற ஒன்றைச் சொல்கிறேன்" என்கிறார் அம்ர். "வேண்டாம், எதிரிகள் ஆனாலும் நம் சொந்தக்காரர்கள்" என்கிறார் அப்துல்லாஹ். இரண்டு பேரில் இவர் எங்கள் விஷயத்தில் கொஞ்சம் இறையச்சம் உள்ளவர் என்று அம்மா ஓரமாக ஒரு குறிப்பும் வைக்கிறார். எதிரியிலும் யார் எப்படி என்று பிரித்துப் பார்க்கிற கண் அது.

மறுநாள் ஈசா (இயேசு) நபியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. ஜஅஃபர் உள்ளதைச் சொன்னார். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, "நீ சொன்னதற்கும் ஈசாவுக்கும் இந்தக் குச்சியளவு வித்தியாசம்கூட இல்லை" என்றார். பாதிரிமார் உறுமினார்கள். அன்பளிப்புத் தோல்கள் திரும்பிப் போயின.

பயானில் கதை இங்கேயே முடிந்துவிடும். அம்மா முடிக்கவில்லை. மன்னரை எதிர்த்து ஒருவன் கிளம்புகிறான், நைல் நதிக்கு அக்கரையில் போர். மன்னர் தோற்றால் அகதிகளின் கதி என்ன? அன்றைக்குப் பட்ட கவலை போல் எப்போதும் பட்டதில்லை என்கிறார். யார் போய்ப் பார்த்து வருவது என்று கேட்க, கூட்டத்திலேயே இளையவரான ஸுபைர் நான் போகிறேன் என்றார். தோல் துருத்தியில் காற்றை ஊதி நெஞ்சில் கட்டி நீந்திப் போய், மன்னர் ஜெயித்த செய்தியோடு துணியை வீசிக்கொண்டே ஓடி வந்தார்.

என் வாப்பா சபுராளி, வெளிநாட்டில் போய்ப் பிழைத்தவர். வளைகுடாவில் சண்டை என்று செய்தி வரும் நாட்களில் உம்மா ரேடியோவை விட்டு எழுந்திருக்க மாட்டார். அடைக்கலம் கொடுத்த நாட்டின் அரசியல் அங்கே பிழைக்கிற குடும்பத்தின் அடுப்பு வரை வந்துவிடும். நஜ்ஜாஷியின் கண்ணீரைவிட இந்த நைல் நதிப் பகுதிதான் எனக்கு மனசில் நிற்கிறது.

ஷஃபான் பிறை 19

கேள்வி கேட்டவரின் மகள் தன்ஈம் சம்பவத்தைப் பேசி முதல் பரிசு வாங்கியதாம். மாஷா அல்லாஹ். பரிசு டிபன் பாக்ஸ் என்று கேள்வி. காலம் மாறவில்லை.

ஷஃபான் பிறை 22

சரி, அந்த துஆவுக்கு வருவோம்.

அபூ ஸலமா பத்ரிலும் உஹதிலும் போரிட்டவர். உஹதில் பட்ட காயம் ஆறியது போல இருந்து, அடுத்த படையெடுப்புக்குப் பிறகு மறுபடி திறந்துகொண்டது. ஹிஜ்ரி 4-இல் மவுத்தானார். நபியவர்களே அவர் கண்களை மூடிவிட்டார்கள்.

ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருப்பதைச் சொல்கிறேன். "அந்நியர், அந்நிய மண்ணில் இறந்தார். ஊரே பேசும்படி ஒரு ஒப்பாரி வைப்பேன்" என்று அம்மா முடிவு செய்துவிட்டார். கூட அழுவதற்கு மேட்டுப் பகுதியிலிருந்து ஒரு பெண்மணி கிளம்பி வருகிறார். நபியவர்கள் அந்தப் பெண்ணை மறித்து, "அல்லாஹ் இரண்டு முறை ஷைத்தானை வெளியேற்றிய வீட்டுக்குள் அவனை மறுபடி நுழைக்கப் பார்க்கிறாயா?" என்று கேட்டார்கள். அம்மா நிறுத்திக்கொண்டார். பொறுமை வந்தது இப்படித்தான். ஒப்பாரிக்குத் தடை, கண்ணீருக்கு இல்லை. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள்.

துஆவும் அப்படித்தான். துன்பம் வந்தால் "இன்னா லில்லாஹி" சொல்லி, "இதைவிடச் சிறந்ததை மாற்றாகக் கொடு" என்று கேட்கும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஓதும்போதே இந்த அம்மாவுக்குச் சந்தேகம்: அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார்? குடும்பத்தோடு முதலில் ஹிஜ்ரத் வந்தவராயிற்றே! இந்தச் சந்தேகத்தை அவரே நமக்குச் சொல்லிவிட்டார், அதனால்தான் எனக்கு அந்த துஆ பிடிக்கும்.

எங்கள் மாமி இத்தாவில் (கணவர் இறந்தபின் மனைவி இருக்கும் காத்திருப்புக் காலம்) இருந்தபோது பார்க்க வந்த ஒவ்வொருத்தரும் "சப்ரு செய், உம்மு ஸலமா நாயகி மாதிரி" என்றார்கள். மாமி ஒருநாள் என்னிடம் மட்டும், "அவங்களுக்கு நபியே மாப்பிள்ளையா வந்தாங்க, எனக்கு யார் வரப்போறா?" என்றார். நான் சிரித்துவிட்டேன், மாமியும்தான். முழு ஹதீஸையும் யாராவது மாமிக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒப்பாரித் திட்டம் ரொம்பப் பிடித்திருக்கும்.

ஷஃபான் பிறை 23

நேற்று விட்டது. அபூபக்ரும் உமரும் பெண் கேட்டு, அம்மா மறுத்துவிட்டார். பிறகு நபியவர்கள் கேட்டபோதும் உடனே தலையாட்டவில்லை. எனக்கு ரோசம் அதிகம், வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மூன்று தடைகளை முன்வைத்தார். ரோசம் நீங்க துஆ செய்கிறேன், வயது எனக்கும்தான் ஆகிறது, உன் பிள்ளைகள் என் பிள்ளைகள் என்று மூன்றுக்கும் பதில் வந்தது. மதீனாவின் தலைவரிடமே தன் நிலைமையை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் சம்மதித்திருக்கிறார். நம் ஊர் பெண் பார்க்கும் படலத்தில் எத்தனை பெண்களுக்கு இப்படிப் பேச வாய்க்கிறது?

நிக்காஹ் ஷவ்வால் மாதம். குடி போனது, கொஞ்ச காலம் முன்பு மறைந்த ஸைனப் பின்த் குஸைமா நாயகியின் அறைக்கு. அங்கே ஒரு ஜாடியில் கொஞ்சம் வாற்கோதுமை, ஒரு திருகை, ஒரு சட்டி, கொஞ்சம் கொழுப்பு. புதுப்பெண் அன்று இரவே கோதுமையைத் திரித்துக் களி கிண்டினார். அதுதான் கல்யாணச் சாப்பாடு.

தன் கைக்குழந்தை ஸைனபுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்ததால் நபியவர்கள் வந்து வந்து திரும்பிப் போவார்களாம். கடைசியில் பால்குடிச் சகோதரர் அம்மார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்த நபியவர்கள் முதலில் கேட்டது, "ஸுனாப் எங்கே?" பிள்ளையைச் செல்லமாக அப்படிக் கூப்பிட்டார்கள். அந்த ஸைனப்தான் பின்னாளில் மதீனாவின் பெரிய மார்க்க அறிஞர்களில் ஒருவர்.

ஷஃபான் பிறை 27

"இதெல்லாம் சரி, ஆனா அடக்கமானவங்கதானே?" என்று ஒரு பதில். அடக்கம் என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்ற எண்ணம் போல. உமர் நாயகத்திடம் கேட்டால் தெரியும். நபியவர்களின் வீட்டு விஷயத்தில் மனைவியரிடம் புத்தி சொல்ல வந்த உமரைப் பார்த்து, "கத்தாபின் மகனே, எல்லாவற்றிலும் தலையிட்டாய், இப்போது அல்லாஹ்வின் தூதருக்கும் மனைவிமாருக்கும் நடுவிலுமா?" என்று கேட்டவர் இவர். உமரே அதைச் சொல்லி, என் வேகம் அதோடு அடங்கிவிட்டது என்கிறார். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

இன்னொன்று. பணிப்பெண் தலை வாரிக்கொண்டிருக்கும்போது பள்ளி மிம்பரிலிருந்து "மக்களே!" என்று நபியவர்களின் குரல். "தள்ளு, போகணும்." "ஆண்களைத்தானே கூப்பிட்டார்கள்?" "நானும் மக்களில் ஒருத்திதான்." பாதி வாரிய தலையோடு எழுந்து போய்க் கேட்ட அம்மா. குர்ஆனில் பெண்கள் ஏன் குறிப்பிடப்படவில்லை என்று நேராகக் கேட்டவரும் இவரே. அதற்குப் பிறகுதான் "முஸ்லிமான ஆண்கள், முஸ்லிமான பெண்கள்" என்று இருபாலரையும் ஜோடி ஜோடியாகச் சொல்லும் 33:35 இறங்கியது.

ரமழான் பிறை 2

நோன்புக் கஞ்சி வேலை. சுருக்கமாக.

உமர் பின் அபீ ஸலமா இவருடைய இரண்டாவது மகன், நபியவர்களின் மடியில் வளர்ந்த பிள்ளை. தட்டு முழுக்கக் கை அலைந்தபோது நபியவர்கள் சொன்னது: "பையா, பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு." ஒரே சஹனில் (பெரிய தட்டில்) கூடிச் சாப்பிடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தலையில் குட்டோடு சேர்ந்து வந்த ஹதீஸ். கறித்துண்டு எப்போதும் எதிர்ப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். அந்தப் பையனைப் பிறகு அலீ நாயகம் பஹ்ரைனுக்கு ஆளுநராக்கினார்கள்.

ரமழான் பிறை 5

ஹுதைபியா ஒப்பந்தக் கதை எங்கே என்று மூன்று பேர் திட்டிவிட்டார்கள். நான்தான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன்.

ஹிஜ்ரி 6, துல்கஅதா. உம்ராவுக்கு என்று வந்த ஏறத்தாழ 1400 பேர் மக்கா வாசலில் தடுக்கப்பட்டு ஒப்பந்தம் எழுதியாயிற்று. இந்த வருடம் திரும்பிப் போக வேண்டும், மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே விலங்கோடு தப்பி வந்த அபூ ஜந்தலைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் நெஞ்சு வெந்து கிடக்கிறது. "எழுந்து குர்பானி கொடுத்துத் தலையை மழித்துக்கொள்ளுங்கள்" என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவர்கூட எழவில்லை. உயிரைக் கொடுக்கவும் தயங்காத கூட்டம் அது!

கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமா நாயகியிடம் சொன்னார்கள். "நீங்கள் வெளியே போங்கள், யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் உங்கள் ஒட்டகத்தை அறுத்துவிட்டு, நாவிதரைக் கூப்பிட்டுத் தலையை மழித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான் அவர் சொன்னது. அப்படியே செய்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்தது, ஒருவர் தலையை ஒருவர் மழித்தபோது துக்கத்தில் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவார்களோ என்றிருந்ததாம்.

முதலில் இதை ஒரு மனைவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. விளக்கம் எழுதிய அறிஞர்கள் சொல்வது, ஒப்பந்தம் மாறலாம், வஹீ (இறைச்செய்தி) வரலாம் என்ற நப்பாசை தோழர்களுக்கு இருந்தது என்று. நபியவர்களே இஹ்ராமைக் களைந்துவிட்டால் எதிர்பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கூடாரத்துக்குள் இருந்துகொண்டே வெளியே இருந்தவர்களின் மனதைக் கணித்தவர், இரண்டு வீட்டாரும் தன் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததைப் பார்த்தவர். பேச்சு எப்போது எடுபடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இது என் ஊகம்தான், ஹதீஸில் இல்லை.

ரமழான் பிறை 6

போர்வை ஹதீஸைக் (நபியவர்கள் தம் மகள் குடும்பத்தைப் போர்வைக்குள் சேர்த்துக்கொண்டது) கொண்டுவந்து ஷியா–சுன்னி என்று ஆரம்பித்தவருக்கு: அது இவர் வீட்டில் நடந்ததாக அறிவிப்பு உண்டு, இரண்டு தரப்புமே இந்த அம்மாவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. நோன்பு நேரம், விடுங்கள்.

ரமழான் பிறை 11

மறைந்த ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஹிஜ்ரி 59 என்று வரலாற்றாசிரியர் வாகிதீ. அபூ ஹுரைரா ஜனாஸா தொழுகை நடத்தியதாகவும் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பூமிக்குள் புதையப்போவதாக நபியவர்கள் முன்னறிவித்த படை பற்றி இரண்டு பேர் இவரிடம் போய்க் கேட்டதாக முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது, அது இப்னு ஸுபைர் காலத்தில் என்ற குறிப்போடு. ஆட்சியாளர் யஸீதுக்கு எதிராக இப்னு ஸுபைர் கிளம்பியது யஸீத் பட்டத்துக்கு வந்த பிறகுதான், அதாவது ஹிஜ்ரி 60-க்குப் பிறகு. கர்பலாவில் நபியவர்களின் பேரர் ஹுஸைன் கொல்லப்பட்ட செய்தி (ஹிஜ்ரி 61) கேட்டுத் துடித்தார் என்ற அறிவிப்புகளும் உண்டு, வரலாற்றாசிரியர் தஹபீ அந்தப் பக்கம்தான் நிற்கிறார். எப்படிப் பார்த்தாலும் நபியவர்களின் மனைவியரில் கடைசியாக மறைந்தவர் இவர் என்பதே பெரும்பாலோர் கருத்து. எண்பதைத் தாண்டிய வயது, அடக்கம் மதீனாவின் பகீஃ அடக்கத்தலத்தில்.

ரமழான் பிறை 12

பெரிய மார்க்க அறிஞர் ஹஸன் பஸரீக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவருக்கு: அவருடைய தாய் கைரா இந்த வீட்டுப் பணிப்பெண். தாய் வேலையாக வெளியே போன நேரத்தில் குழந்தை அழுதால் அம்மாவே மார்பில் போட்டுச் சமாதானம் செய்வாராம். பஸரீயின் நாவன்மைக்கு அந்தப் பால்தான் காரணம் என்று பழைய நூல்கள் எழுதுகின்றன. உடற்கூறு பேசுகிறவர்கள் வரிசையாக வருவீர்கள், தெரியும். பெருநாளுக்குப் பிறகு வாருங்கள், அதுவரை நான் இந்தப் பக்கம் வரப்போவதில்லை.